அட்டைப்படம்

உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துப் பொட்டல். மாலை நான்கு மணி வெயில். மேடையில் ஆள் கிடையாது, முன்னால் நாற்காலிகூட இன்னும் போடவில்லை. அந்த வெறும் பொட்டலைப் பார்த்து ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் இன்னிசைக் குழுவுக்கு அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த, சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாய், ஸ்பீக்கர் பெட்டிகளைச் சரிபார்ப்பதற்காக ஏதோ ஓர் இங்கிலீஷ் பாட்டைப் போட்டிருந்தார். காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்த அக்கா, ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்தார். நேராகப் போய் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றார். "காது போயிரும் தங்கச்சி, தள்ளி வாங்க" என்று பாய் கத்தினார். அக்கா நகரவில்லை. பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றுவிட்டு, திரும்பி வந்து கேட்டார்: "பாய், இது யாரு பாடுறது?"

"அமெரிக்காக்காரி. கறுப்பினத்து அம்மா. இவுக பாடுன அம்புட்டும் என்ட்ட இருக்கு. பெட்டி நல்லாருக்கானு பாக்க இந்தக் குரல் மாதிரி வேற கெடையாது. மேல போனாலும் கனம் கொறையாது, கீழ எறங்குனாலும் கொறையாது."

"இன்னொருக்கா போடுங்க."

பாய் போட்டார். மூன்றாவது முறையும் போட்டார். நான் குழுவில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வெயிலில் நின்று ஒரே பாட்டை மூன்று முறை கேட்பது எனக்கு அன்று கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

அக்கா எனக்கு உறவு இல்லை. குழுவில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்த தபேலாக்காரர் உட்பட. பதினைந்து வருடமாக அங்கே பாடிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் எழுமலை. சிறு வயதில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். கல்யாணமாகி மதுரைக்கு வந்து, கல்யாணம் நிலைக்காமல் போன பிறகும் ஊருக்குத் திரும்பாமல், காளவாசலுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். பகலில் சிம்மக்கல்லில் ஒரு டெய்லர் கடைக்கு ஹூக் வைத்துக் கொடுப்பார். திருவிழாக் காலத்தில் பாடுவார். நல்ல கறுப்பு, நல்ல உயரம். அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற, விளிம்பில் கொஞ்சம் கரகரக்கிற குரல். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது மற்ற பிள்ளைகளின் குரலெல்லாம் அவர் குரலுக்குள் முங்கிப் போகிறது என்று டீச்சர் அவரை மட்டும் தனியே கூப்பிட்டு, "நீ பாடாத. வாய மட்டும் அசை" என்று சொன்னாராம். இரண்டு வருடம் அப்படி வாயை மட்டும் அசைத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது.

நான் அதற்கு நேர் எதிர். வெளுத்த நிறம், பி.காம். படிப்பு, மைக் இல்லாவிட்டால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காத குரல். பாடகி ஆக வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குப் பெரிது. நான் மேல் ஸ்தாயியில் திணறும் இடங்களில் அக்கா பக்கத்து மைக்கில் மெதுவாகச் சேர்ந்துகொண்டு என்னைத் தூக்கி நிறுத்துவார். பாட்டு முடிந்து கைதட்டும்போது ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார். அதை நான் அப்போது கவனித்ததாகக்கூட நினைவில்லை.

மறுவாரம் பாய் ஒரு மெமரி கார்டைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அந்தப் பாடகியின் ஆல்பங்கள் எல்லாம் வெளிவந்த வரிசைப்படி எண் போட்டு அதில் இருந்தன. அக்காவின் போனில் அந்தக் கார்டு ஏறவில்லை, என்னுடையதில் ஏறியது. அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். வேனில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஒரே இயர்போனின் ஒரு முனை அவர் காதிலும் மறு முனை என் காதிலுமாகக் கேட்கத் தொடங்கினோம். அக்கா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகத்தான் கேட்க வேண்டும், எந்தப் பாட்டையும் தள்ளிவிடக் கூடாது.

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்கலைன்னாலும் கேளு. அவ என்ன பிடிச்சா எல்லாத்தையும் பாடிருப்பா?"

முதல் ஐந்தாறு ஆல்பங்கள் எங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தன. பொட்டலில் கேட்ட குரல் அதில் இல்லை. வயலின்கள் கூட்டமாக வந்து மூடிக்கொண்டன. அவள் நல்ல பிள்ளையாக, யாருக்கோ பயந்தவள்போலப் பாடினாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், இனிமையாக இருந்தது. அக்கா மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் தலையை ஆட்டினார். "இவளப் போட்டு அமுக்கி வச்சிருக்காய்ங்க பாப்பா. பாரேன், மேல வரப் பாக்குறா, அமுக்குறாய்ங்க." பிறகு ஒரு நாள், வேன் செக்கானூரணியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த எண்ணைத் தொட்டேன். வயலின் இல்லை. ஒரு பியானோ, பின்னால் தாளம், அவ்வளவுதான். பியானோவை வாசிப்பதும் அவளே என்று பாய் பிறகு சொன்னார். வேறு ரெக்கார்டு கம்பெனிக்கு மாறியிருந்தாளாம். முதல் வரியிலேயே அந்தப் பொட்டல் குரல் வந்துவிட்டது. அக்கா என் தொடையில் ஓர் அடி அடித்தார். "வந்துட்டாக பாரு எங்க மதினி!"

அன்றிலிருந்து அவள் எங்களுக்கு மதினி ஆனாள். 'மதினி இன்னைக்கு என்னத்தப் பாடுறாக?' என்று கேட்டுக்கொண்டேதான் அக்கா வேனில் ஏறுவார். இங்கிலீஷ் எனக்கே அரைகுறைதான். வரிகளைப் போனில் தேடிப் பிடித்து, தெரிந்தவரை சொல்வேன். வீட்டுக்கு வருகிற ஆண் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும் என்று ஒரு பாட்டு, போகிறவன் போகட்டும், அடுப்பில் சோறு எனக்கு மட்டும் வேகட்டும் என்கிற மாதிரி ஒரு பாட்டு. அக்கா பாதியிலேயே கையமர்த்துவார். "சொல்லாத. தெரியுது." அவள் முன்னோர்கள் அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமைகளாகப் பருத்தி எடுத்தவர்கள் என்று பாய் சொன்ன நாளில், அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். குழு அவருடையது, கீபோர்டு வாசிப்பவரும் அவரே. காளவாசலில் ஒரு டீக்கடை வாசலில் வைத்துச் சொன்னார்: "பாப்பா, இப்பல்லாம் கச்சேரியக் கேட்டு யாரும் புக் பண்றதில்ல. வீடியோவப் பாத்துத்தான் பண்றாக. முன்னாடி நிக்கிற ஆளு பளிச்சுனு இருக்கணும். இனிமே சாமி பாட்டெல்லாம் நீ நில்லு. அக்கா மேடைப் பேனருக்குப் பின்னாடி இருந்து பாடிரும். நீ வாய அசைச்சாப் போதும்."

"சரி மாஸ்டர்" என்றேன்.

அக்காவிடம் கேட்டுவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய பிறகும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்று செய்தது இதுதான் என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய், அக்கா பாடி என் போனில் இருந்த பாட்டுகளை ஓடவிட்டுக் கண்ணாடி முன் நின்று வாயசைத்துப் பழகினேன். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தில் உதடு ஒட்டுகிறது என்பது எனக்கு இரண்டே நாளில் மனப்பாடம் ஆனது.

அக்காவிடம், "வயசாகுதுல்ல, நின்னு பாடச் சிரமம்" என்று மாஸ்டர் சொன்னாராம். அக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்று. ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து பேனருக்குப் பின்னால் நின்றுவிட்டார். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று பல வருடம் கழித்துத்தான் கேட்டேன். "பாட்ட விட்டா நான் எங்க போறது? அது தெரிஞ்சுதான அவரு கேட்டாரு" என்றார்.

முதல் முறை திருமங்கலம் ரோட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. என் கையில் இருந்தது உயிரில்லாத மைக். முதுகுக்குப் பின்னால் பத்தடியில் அக்காவின் குரல். அது என் தோளைத் தாண்டிப் போய் மண்டபத்தை நிறைத்தது. பிசகே இல்லை. முடிந்ததும் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் மேடையேறி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "உங்க குரல்ல அந்த அம்மனே எறங்கிருச்சும்மா" என்றார். நான் கும்பிட்டு, நன்றி சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது பேனரின் ஓரத்தில் அக்கா ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

அடுத்த நாள் வேனில் நான் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். பின்னால் இருந்து குரல் வந்தது. "ஏய், இங்க வா. மதினி காத்திருக்காகள்ல." போனேன். வழக்கம்போல இயர்போனின் ஒரு முனையை என் காதில் அவரே வைத்தார். கோபமா என்று கேட்டேன். "உம்மேல என்ன கோபம்" என்றார். அந்த 'உம்மேல'யில் ஓர் அழுத்தம் இருந்தது. மூன்று மாதம் அப்படியே ஓடியது. என் முகமும் அவர் குரலும் சேர்ந்த வீடியோ ஊர் ஊராகப் போனது. மாஸ்டரால் தேதி கொடுக்க முடியாத அளவுக்கு வாய்ப்புகள் வந்தன. என் போனுக்கு ரசிகர்கள் பேசினார்கள். ஒரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டால், தொண்டை சரியில்லை என்பேன்.

சிம்மக்கல்லில் பாயின் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் பழுதுபார்க்க வந்த ஆம்ப்ளிஃபயர்கள், பின்னால் அவருடைய கம்ப்யூட்டர். பாட்டை மட்டும் அல்லாமல் ஒவ்வொரு ஆல்பத்தின் அட்டையையும் தேடிச் சேர்த்துவைத்திருப்பவர் அவர். ஒரு மதியம் எங்கள் இருவருக்கும் அதையெல்லாம் வரிசையாகக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் மதினியின் தலைமுடி மாறியது, கண் மாறியது. ஆரம்ப கால அட்டைகளில் அவள் நிறத்தைக்கூட வெளுத்துக் காட்டியிருந்தார்கள். அக்கா அதைக் கையால் தொட்டுக் கேட்டபோது பாய் சொன்னார்: "இதாவது பரவால்ல தங்கச்சி, இவுக மூஞ்சியப் போட்டுருக்கான். அதுக்கும் முன்னாடி அங்க கறுப்புப் பாட்டுக்காரங்க ரெக்கார்டுன்னா அட்டையில அவுக படமே வராதாம். கடற்கரை, பூங்கா, வெள்ளைக்காரப் பொண்ணுனு எதையாச்சும் போட்டு வித்துருவாய்ங்களாம். குரல் மட்டும் இவுகளுது."

அக்கா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு சந்தே அதிரும்படி சிரித்தார். "அப்ப இவதான் என் அட்டைப்படம்!"

பாய் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. அதன் பிறகு அக்கா என்னை அப்படித்தான் கூப்பிட்டார், 'அட்டைப்படம், சாப்டியா?' 'அட்டைப்படம், எறங்கு, ஊரு வந்துருச்சு.' அன்பாகத்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் என் முகத்தில் சூடேறியது.

அந்த வாரம்தான் எங்கள் வரிசையில் தேவாலய ஆல்பம் வந்தது. மதினி பெரிய நட்சத்திரமான பிறகு, சிறு வயதில் பாடிய தேவாலயத்துக்குத் திரும்பிப் போய், ஜனங்களை எதிரில் உட்காரவைத்துப் பாடிப் பதிவு செய்தது. அதில் ஓரிடத்தில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறாள். விடவே மாட்டேன் என்கிறாள். நீட்டுகிறாள், உடைக்கிறாள், தரையில் போட்டு எடுக்கிறாள், திரும்ப ஏறுகிறாள். ஜனங்கள் பொறுக்க முடியாமல் இடையிடையே கத்துகிறார்கள், அழுகிறார்கள், அவளுக்குப் பதில் சொல்கிறார்கள். பியானோக்காரர் அடுத்த வரிக்குப் போகப் பார்க்கிறார், அவள் விட்டால்தானே. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "இது குலவைடி" என்றார். "எங்க ஊருல பொம்பளைக போடுற குலவை. இத மேடையில வச்சே பண்ணலாமா? இம்புட்டு நேரம் புடிச்சு நிக்கலாமா? யாரும் நிறுத்த மாட்டாகளா?" அதை அவர் என்னிடம் கேட்டதாகத் தோன்றவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு எழுமலைப் பக்கத்தில் கச்சேரி. அக்காவின் சொந்த மண். பாட்டு கேட்க வருகிற பெண்களில் பாதிப் பேர் அவரோடு பருத்தி எடுத்தவர்கள். வேனை விட்டு இறங்கியதும் அக்கா மாஸ்டரிடம் போய் நின்றார். பதினைந்து வருடத்தில் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை என்று தபேலாக்காரர் பிறகு சொன்னார்.

"இன்னைக்கு ஒரு நாள் முன்னாடி நிக்கிறேன் மாஸ்டர். எங்க ஊரு."

"வீடியோ எடுக்குறாக அக்கா. கமிட்டியில பாப்பாவப் பாத்துத்தான் பேசிருக்காக. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பேனருக்குப் பின்னால் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததைப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் முதல் பாட்டு ஆரம்பித்தது. அம்மன் பாட்டு. நான் முன்னால் வந்து நின்று, உயிரில்லாத மைக்கை உதட்டருகே தூக்கினேன்.

இரண்டாவது சரணம்வரை ஒழுங்காகப் போனது. 'தாயே' என்று ஒரு வார்த்தை வரும். எப்போதும் நான்கு எண்ணிக்கை நீட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அன்று போகவில்லை. நான்கு எட்டானது, எட்டு பதினாறானது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மூச்சு எங்கே விழும் என்று தெரியவில்லை. குரல் நின்றதும் வாயை மூடினேன். மூடிய அடுத்த நொடி அது மறுபடி எழுந்தது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் என் வாயைக் காட்டிச் சிரித்தார்கள். மாஸ்டர் கீபோர்டில் அடுத்த வரிக்கு இழுத்துப் பார்த்தார். அக்கா வரவில்லை. பாட்டில் இல்லாத வரிகள் அவருக்கு வந்துகொண்டிருந்தன.

"மறைப்புக்குப் பின்னால நிக்கிறேன் தாயே… எம் முகம் தெரியலையா தாயே… பருத்தி எடுத்த கைதான் தாயே… இந்தக் குரல் ஒனக்குத் தெரியலையா…"

சிரிப்பு நின்றது. கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் எழுந்தார். "ஏ, இது நம்ம தெக்குத் தெருக்காரி குரல்டி! எங்க நிக்கிறா அவ?" என்று கத்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் குலவையிட்டார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போய்த் திரும்பி வந்தது. அக்கா அதற்குப் பதிலாக மறுபடி 'தாயே' என்றார். மறுபடி குலவை.

"வாய அசை! வாய அசை!" என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். அப்போது எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் நின்ற ஒரு கறுத்த சிறுமி ஞாபகத்துக்கு வந்தாள் என்று எழுதினால் அது பொய். எனக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாய் வலித்தது. போதும் என்று இருந்தது. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்து, மாஸ்டர் படமும் என் படமும் போட்டிருந்த அந்தப் பேனரின் ஓரத்தைப் பிடித்து மேலே சுருட்டித் தூக்கினேன். பின்னால் அக்கா கண்ணை மூடி, வெறுங்காலோடு, முகமெல்லாம் வியர்வையாக நின்றார். வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தார்.

"தள்ளு அட்டைப்படம்" என்றார். மைக்கைச் சற்றே விலக்கிவைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் முன்னால் நடந்தார். அவருடைய மைக் ஒயர் கீபோர்டு ஸ்டாண்டில் சிக்கியது. நான் அதை விடுவித்து, தபேலாவுக்கு மேலாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். மாஸ்டர் மேடையிலிருந்தே பாயைப் பார்த்துக் கத்தினார்: "பாய், மைக்க கட் பண்ணுங்க!" பாய் மிக்சரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கட்டிக்கொண்டார். "மைக் நல்லாத்தான இருக்கு மாஸ்டர்" என்றார். மாஸ்டர் கீபோர்டை விட்டுக் கையை எடுத்தார். தபேலாக்காரர் எடுக்கவில்லை. அந்த ஒற்றைத் தபேலாவோடு அக்கா அந்தப் பாட்டை எவ்வளவு நேரம் பாடினார் என்று யாருக்கும் தெரியாது. வீடியோக்காரர் கேமராவை எப்போதோ என்னிடமிருந்து திருப்பிவிட்டிருந்தார்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை என்று அக்கா இன்றும் சொல்வார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கச்சேரி முடிந்ததும் அவர் எங்கள் இருவரிடமும், "நாளைல இருந்து நீங்க வர வேணாம்" என்றார். "வாரதா இல்ல மாஸ்டர்" என்றார் அக்கா. அன்றிரவு அக்காவின் தங்கை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் மதுரைக்கு வந்தோம். வழியெல்லாம் நான் அழுதேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "அடுத்த நம்பரப் போடு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை. 'பிரச்சனை பண்ற பொம்பள' என்று மற்ற குழுக்களுக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். அக்கா ஹூக் வைத்தார். நான் காளவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போனேன். அந்த நாட்களில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது மதினியின் மோசமான காலம். டிஸ்கோ வந்து எல்லோரும் அதன் பின்னால் ஓடிய வருடங்களில் அவளும் ஓடியிருக்கிறாள். எலெக்ட்ரானிக் டமாரம், அர்த்தமில்லாத பாட்டுகள். தள்ளிவிடலாமே என்றேன். "இந்த வருசத்துலயும் அவ சோறு திங்கணும்ல? கேளு" என்றார் அக்கா. ஒரு வீணான ஆல்பத்தின் ஏழாவது பாட்டில், நடுவில் நான்கே வரிக்கு அந்தக் குரல் தலைதூக்கும். அந்த நான்கு வரிக்காக முழுதையும் கேட்டோம்.

எங்கள் சொந்தக் குழு அந்த வருடக் கடைசியில் ஆரம்பமானது. தபேலாக்காரர் வந்தார், பாய் வந்தார், கீபோர்டுக்கு ஒரு ஆள் கிடைத்தார். நான் பாடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கூட்டத்தோடு பேசுவது, ஊர்க் கமிட்டிகளோடு பேசுவது என் வேலை. பேச எனக்கு நன்றாக வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. முதல் கச்சேரிக்குப் பேனர் அடிக்கப் போனேன். அக்கா மட்டும், தலையிலிருந்து கால்வரை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும், கேட்காமலேயே முகத்தை நான்கு படி வெளுப்பாக்கினார். வேண்டாம் என்றேன். இரண்டு படி குறைத்தார். "எல்லாருக்கும் இப்பிடித்தாங்க அடிக்கிறது. இல்லைன்னா எடுப்பா இருக்காது" என்றார். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "எம்புட்டு நேரமானாலும் பரவால்ல. அவுக நெறம் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். வந்தது. அந்தப் பேனரைக் கட்டிய இடத்தில் நின்று பார்த்த அக்கா, "நல்லாருக்கேன்ல?" என்று கேட்டார். நன்றாக இருந்தார்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. பெரிய புகழ் வந்ததா என்றால் இல்லை. உசிலம்பட்டி, எழுமலை, செக்கானூரணி, திருமங்கலம், இந்த வட்டத்துக்குள் பெயர் இருக்கிறது. அது போதும் என்று நாங்கள் நினைத்ததில்லை. ஆனால் யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. அக்காவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று. மூன்று வருடமாகக் குரல் இறங்கிக்கொண்டே வருகிறது. மேல் ஸ்தாயியில் ஏறும்போது ஓரிடத்தில் உடைகிறது.

போன பங்குனியில் ஒரு கமிட்டிக்காரர் என்னிடம் வந்தார். மரியாதையான மனிதர், அக்காவின் ரசிகர். "உச்சத்துல வர்ற பாட்டெல்லாம் அவுக முன்னாடி பாடுனதே ரெக்கார்டிங் இருக்குல்ல? அதப் போட்டு ஓட்டிருவோம். அக்கா சும்மா மைக்கப் புடிச்சு நின்னாப் போதும். அவுக குரலுக்கு அவுகளே வாய அசைக்கப் போறாக, அதுல என்ன தப்பு?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் வைத்துக்கொண்டிருந்த ஹூக்கை முடித்து நூலைக் கடித்தார்.

"மதினி கடைசியாப் பாடுனத மட்டும் கேக்காம எடுத்து வச்சிருந்தம்ல? போடு."

அவர் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அவள் கிழவியான பிறகு பாடியது. பழைய உயரம் இல்லை. பழைய பாட்டுகளில் ஏறுகிற இடங்களில் ஏறாமல் கீழேயே நடக்கிறாள். சில இடத்தில் குரல் நூல் பிரிந்த துணிபோல இழைஇழையாகப் போகிறது. எனக்குத் தாங்கவில்லை. "போச்சேக்கா குரல்" என்றேன்.

"எங்கடி போச்சு? நல்லாக் கேளு. எறங்கிட்டா, அம்புட்டுதான். கீழ நின்னு பாடுறா. அவ குரல் ஒடையுறத அவளே பதிவு பண்ணி வச்சிருக்கா, பாத்தியா. மறைக்கணும்னா மறைச்சிருக்க மாட்டாளா?"

மறுநாள் கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாப் பாட்டுக்கும் சுருதியை ஒன்றரைக் கட்டை குறைக்கச் சொன்னார். கமிட்டிக்காரரிடம், ரெக்கார்டிங் வேண்டாம், நானே பாடுகிறேன், பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம் என்று சொல்லிவிடு என்றார். அதே வார்த்தைகளில் சொன்னேன்.

கச்சேரியில் நான் மேடைக்குக் கீழே பாயின் பக்கத்தில் நின்றேன். அம்மன் பாட்டு. கட்டையைக் குறைத்தும், சரணத்தின் மேல் இடத்தில் அக்காவின் குரல் உடைந்தது. ஆயிரம் பேருக்கு நன்றாகவே கேட்டது. கீபோர்டுக்காரர் சமாளித்து அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அதே வரியை மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் உடைந்தது. பாய் மிக்சரில் கை வைக்கவில்லை. அக்கா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மூன்றாவது முறை, உடைகிற அந்த இடத்திலேயே போய் நின்றார். அங்கேயே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, உடைந்த குரலிலேயே நீட்டினார், நீட்டிக்கொண்டே இருந்தார். பொட்டலில் ஒருவரும் எழுந்து போகவில்லை.